பேச ஆளில்லாத அழைப்பு

தொலைபேசி மணி அடிக்கிறது. கைவேலையைப் போட்டுவிட்டு எடுத்து 'ஹலோ' என்கிறோம். மறுமுனையில் யாரும் இல்லை. இரண்டு மூன்று விநாடி மௌனம், பிறகு துண்டிப்பு. இந்த அனுபவம் வாய்க்காதவர் இன்று தமிழ்நாட்டில் அரிது. சிலர் இதைத் தொலைபேசிக் கோளாறு என்று நினைக்கிறார்கள். சிலர் யாரோ விஷமம் செய்வதாக நினைக்கிறார்கள். பல நேரங்களில் காரணம் மிகச் சாதாரணமானது: எங்கோ ஓர் அறையில், ஒரு கணினித் திரையில், யாரோ ஓர் எண்ணை ஒன்றிலிருந்து மூன்றாக மாற்றியிருக்கிறார்கள். அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நாற்காலியில் நாங்கள் மூவர் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்காலம் உட்கார்ந்திருந்தோம். கதைகளையும் கவிதைகளையும் பற்றிப் பேசிக்கொள்ளும் இடத்தில் பிழைப்பைப் பற்றி எழுதுவது வழக்கமில்லை என்றாலும், இதை எழுதாமல் விடக்கூடாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

2018ஆம் ஆண்டு ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்தோம். எட்டு நாற்காலி, எட்டுக் கணினி, எட்டு ஹெட்செட். தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வாடகை மட்டும் காரணமில்லை. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இந்த ஊர் வந்துபோகிறவர்களின் ஊர். 1984இல் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் அமைந்த பிறகு, ஷிப்டு நேரத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்களைப் பார்ப்பது இங்கே பழகிப்போன காட்சியாயிற்று. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம், வண்டலூர், பெருங்களத்தூர் என்று ரயில் பாதையை ஒட்டிய ஊர்களிலெல்லாம் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, ஓ.எம்.ஆர். சாலையின் கண்ணாடிக் கட்டிடங்களுக்குள் நுழைய வாய்க்காத பெண்கள் இருந்தார்கள். எங்களிடம் வேலைக்கு வந்த எட்டுப் பேரும் அத்தகையவர்கள்.

வேலை எளியது. இருசக்கர வாகனக் கடன் தரும் ஒரு நிறுவனம் ஒவ்வொரு வாரமும் ஒரு பட்டியல் அனுப்பும். தவணை நாளுக்கு மூன்று நாள் முன்பாக அழைத்து, "இந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் பணம் இருக்கட்டும்" என்று நினைவூட்ட வேண்டும். வசூல் மிரட்டல் கிடையாது. எத்தனை பேரிடம் பேசினோமோ அத்தனை பேருக்குத்தான் கூலி. எடுக்காத அழைப்புக்கு ஒரு காசும் இல்லை. இந்தக் கடைசி நிபந்தனைதான் எங்களை அந்தக் கணினித் திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

*

தானாக எண்களைச் சுழற்றும் மென்பொருளுக்கு டயலர் என்று பெயர். விலைக்கு வாங்க எங்களுக்கு வசதியில்லை, தேவையும் இருக்கவில்லை. 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர் எழுதத் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதன் மீது கட்டப்பட்ட விசிடயல் என்ற டயலரும் இலவசம். சிறிய அழைப்பு மையங்கள் பலவற்றில் ஓடுவது இதுதான். தொலைபேசி நிறுவனத்திடமிருந்து ஒரு பி.ஆர்.ஐ. இணைப்பு வாங்கினால் ஒரே நேரத்தில் 30 பேச்சுத்தடங்கள் கிடைக்கும்.

எட்டுப் பேருக்கு 30 தடங்கள். சபலம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

டயலரின் அமைப்புப் பக்கத்தில் எத்தனையோ கட்டங்கள் உண்டு என்றாலும், உயிர்நிலையானது 'டயல் லெவல்' என்கிற கட்டம். சும்மா இருக்கும் ஒரு பணியாளருக்காக ஒரே சமயத்தில் எத்தனை எண்களை அழைப்பது என்பதை அது தீர்மானிக்கிறது. ஒன்று என்று வைத்தால் ஒருவருக்கு ஓர் அழைப்பு. எதிராளி எடுத்தால் பேச்சு. எடுக்காவிட்டால் அடுத்த எண். மூன்று என்று வைத்தால் மூன்று வீடுகளில் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். யார் முதலில் எடுக்கிறாரோ அவரோடு பேச ஆள் உண்டு. இன்னொருவரும் எடுத்துவிட்டால் அவர் சில விநாடி மௌனத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிட வேண்டியதுதான். அந்த மௌனத்துக்கு டயலர் மொழியில் 'டிராப்' என்று பெயர். 'அடாப்ட்' என்றொரு முறையும் உண்டு. அதில் மென்பொருளே கடந்த சில நிமிடங்களின் கணக்கைப் பார்த்து இந்த எண்ணை ஏற்றி இறக்கிக்கொள்ளும். எத்தனை விழுக்காடு மௌனம் வரை பரவாயில்லை என்பதை மட்டும் நாம் சொல்லிவிட வேண்டும்.

இதன் பின்னாலுள்ள கணிதத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர் 1909இல் வெளியிட்ட கட்டுரையில், தொலைபேசி அழைப்புகள் எவ்வித ஒழுங்குமின்றி வந்தாலும் அந்த ஒழுங்கின்மைக்கே ஒரு கணக்கு உண்டு என்று காட்டினார். அழைப்பவர் அதிகம் காத்திருக்காமலிருக்க எத்தனை தடங்கள், எத்தனை ஆபரேட்டர்கள் வேண்டும் என்பது அவரது கேள்வி. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டக்ளஸ் சாமுவெல்சன் போன்றவர்கள் முன்கணிப்பு டயலரை உருவாக்கியபோது கேள்வி தலைகீழாயிற்று. இப்போது ஆபரேட்டர் காத்திருக்கக் கூடாது. அப்படியானால் காத்திருப்பு எங்கே போகும்? அழைப்பை எடுத்தவரின் காதுக்குத்தான். தான் எந்த வரிசையிலும் நிற்கவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒருவரைக் கேளாமலேயே வரிசையில் நிறுத்திவிடுகிற ஏற்பாடு இது.

*

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். பத்துப் பேரை அழைத்தால் மூன்று பேர் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டயல் லெவல் ஒன்றாக இருந்தால், ஒருவர் எடுப்பதற்கு முன் சராசரியாக இரண்டு மூன்று அழைப்புகள் வீணாகும். ஒவ்வொன்றும் அரை நிமிடம் அடித்து ஓய்ந்தால், ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவே ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் சும்மா இருக்க வேண்டும். எங்கள் பேச்சு ஒன்றே ஏறத்தாழ அவ்வளவுதான். அதாவது நாளில் பாதி மணிச்சத்தம் கேட்பதிலேயே போய்விடும்.

மூன்று என்று வைத்தால்? காத்திருக்கும் ஒரு பணியாளருக்காக மூன்று எண்களை அழைக்கிறோம். மூவரில் யாரும் எடுக்காதிருக்கும் வாய்ப்பு 34 விழுக்காடு. ஒரே ஒருவர் எடுக்கும் வாய்ப்பு 44. இருவரோ மூவருமோ எடுத்துவிடும் வாய்ப்பு 22. எடுத்தவர்களில் நூற்றுக்கு 27 பேர் மௌனத்தைக் கேட்பார்கள். நான்கில் ஒருவருக்கு மேல்.

இதே மூன்றை ஒரு பெரிய கூடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கணத்தில் 20 பணியாளர்கள் சும்மா இருக்கிறார்கள். 60 எண்கள் அழைக்கப்படுகின்றன. சராசரியாக 18 பேர் எடுப்பார்கள். ஒரு சுற்றில் 15, இன்னொரு சுற்றில் 21 என்று ஏறியிறங்கினாலும், பேச ஆளில்லாமல் போகிறவர் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இருக்கமாட்டார். எண்ணிக்கை பெருகப் பெருகத் தற்செயல்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும் என்பது பள்ளிக்கூடக் கணிதம். அதன் இன்னொரு பக்கத்தை அன்றுதான் நாங்கள் உணர்ந்தோம். பெரியவனுக்கு உண்மையாகிற சராசரி சிறியவனைக் கைவிட்டுவிடும். பெரிய கூடத்தைப் பார்த்து எட்டு நாற்காலிக்காரன் அதே எண்ணை வைத்தால், அதன் விலை ஏழு மடங்கு. அந்த விலையைக் கொடுப்பவனும் எட்டு நாற்காலிக்காரன் அல்லன். பெயர் தெரியாத யாரோ.

*

கணக்கு கணக்காகவே இருந்திருக்கும், ஒரு சிறு நிகழ்ச்சி நடந்திராவிட்டால். இணைப்பு வந்து சேர்ந்த வாரம். டயலரை இன்னும் இயக்கவே இல்லை. ஓர் அழைப்புகூட வெளியே போகவில்லை. அதற்குள் எங்கள் எண்ணுக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. "இந்த நம்பர்லேருந்து போன் பண்ணீங்களே, பேசவே இல்லையே?" என்று கேட்டார்கள். ஒருவர் கோபமாக, ஒருவர் குழப்பமாக, ஒருவர் கெஞ்சலாக. பிறகுதான் புரிந்தது: அந்த எண் எங்களுக்கு முன்னால் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டிருந்திருக்கிறது. அவர்கள் விட்டுச்சென்ற மௌனங்களுக்கு எங்கள் வாசலில் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. கணவரைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்திருந்தார்களாம். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கி, பின்னர் அரசு மருத்துவமனையாகிவிட்ட அதே சானடோரியம். ரயில் நிலையமே அந்தப் பெயரில் இருப்பதால் இங்கே வசிப்பவர்கள் அதை ஒரு மருத்துவமனை என்று நினைப்பதைக்கூட விட்டுவிட்டோம். "044ன்னு வந்துச்சுங்க. ஆஸ்பத்திரிலேருந்தோன்னு ஓடிவந்து எடுத்தேன். யாரும் பேசல. ஏதாவது சொல்லணும்னு கூப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லையம்மா, இது மருத்துவமனை இல்லை, வேறு இடம் என்று சொன்னோம். "அப்ப ஒண்ணும் இல்லீங்களே?" என்று மறுபடி கேட்டார். ஒன்றுமில்லை என்றோம். நிம்மதியாக மூச்சு விடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்.

அந்த எண்ணுக்கு முன்பு உரியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. கெட்டவராக இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்களைப் போலவே வாடகைக்கும் சம்பளத்துக்கும் நடுவில் ஒரு கட்டத்தில் ஓர் எண்ணை நிரப்பியவராக இருந்திருப்பார். அவர் திரையில் இந்த அம்மா ஒரு விழுக்காட்டின் சிறு பின்னமாக மட்டுமே தெரிந்திருப்பார்.

*

இதையெல்லாம் பணியாளர்களிடம் சொல்லி, என்ன வைக்கலாம் என்று கேட்டோம். எல்லாரும் ஒன்று என்பார்கள் என்று எதிர்பார்த்தோம். அப்படி நடக்கவில்லை.

ஊரப்பாக்கத்திலிருந்து வருபவர், எட்டுப் பேரில் மூத்தவர், நேராகவே சொன்னார்: "சார், ரிங் சத்தம் கேக்கறதுக்கா நான் புள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு ரயிலேறி வர்றேன்? பேசினாத்தான காசு? மூணுன்னே வைங்க." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. எண்ணிக்கைக்கு ஏற்ற ஊக்கத்தொகை என்று நாங்கள்தான் அறிவித்திருந்தோம்.

பெருங்களத்தூரிலிருந்து வரும் இளையவர் மெதுவாக, "அக்கா, ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு வாய் தண்ணி குடிக்கவாவது நேரம் வேணும்ல?" என்றார். இதற்கு முன் ஒரு பெரிய மையத்தில் வேலை பார்த்தவர் அவர். ஒரு குரல் முடிந்த கணத்தில் காதில் 'டொங்' என்றொரு ஒலி. உடனே அடுத்த குரல். எட்டு மணி நேரம் இப்படி. இரவில் கண்ணை மூடினாலும் அந்த ஒலி கேட்கும் என்றார். வீணாகிறது என்று நாங்கள் கணக்கெழுதிய அந்த ஒரு நிமிடம்தான் ஒருவருக்கு இழந்த கூலி, இன்னொருவருக்கு மூச்சு விடும் இடைவெளி. முதலாளியின் கணக்கில் மட்டும் அது சுத்த நஷ்டம்.

மணி எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்பதும் ஒரு கட்டம். 15 விநாடியில் வெட்டிவிட்டால் நாளொன்றுக்குக் கூடுதலாகப் பல எண்களைச் சுற்றலாம். ஆனால் கொல்லைப்புறத்திலிருந்து கைத்தடியூன்றி வரும் ஒருவர் தொலைபேசியை நெருங்கும் நேரத்தில் அது அடங்கிவிடும். 2019 நவம்பரில் டிராய் ஒரு விதி செய்தது: எடுக்கப்படாத அழைப்பு செல்பேசியில் 30 விநாடியும் தரைவழித் தொலைபேசியில் 60 விநாடியும் ஒலிக்க வேண்டும். செல்பேசி நிறுவனங்கள் தமக்குள் போட்டி போட்டு மணியைக் குறைத்துக்கொண்டே போனதுதான் அதற்குக் காரணம். அழைக்கும் பக்கம் முன்கூட்டியே வெட்டிவிட்டால் அந்த விதியால் பயன் இல்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது இன்னொரு கட்டம். எடுத்தது மனிதரா, பதிவுசெய்யப்பட்ட குரலா என்று கண்டறியும் ஏற்பாடு ஆஸ்டெரிஸ்கில் உண்டு. மனிதர் 'ஹலோ' என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நிறுத்துவார். இயந்திரம் நீளமாகப் பேசும் என்பது அதன் அடிப்படை. அதனுடன் வரும் அமைப்பில் தொடக்கப் பேச்சு ஒன்றரை விநாடியைத் தாண்டினால் இயந்திரம் என்று முடிவு. அமெரிக்க வீடுகளுக்கு அது பொருந்தலாம். நம் ஊரில் பெரியவர்கள் எடுத்ததும் "ஹலோ, யாருங்க பேசறது, எந்த ஊர்லேருந்து?" என்று ஒரே மூச்சில் கேட்பார்கள். அந்த அளவுகோலின்படி நம் தாத்தா பாட்டிகள் அத்தனை பேரும் இயந்திரங்கள். விசாரித்து வரவேற்கிற ஒரு பண்பாட்டின் குரலை இயந்திரம் என்று தள்ளிவிடுகிற இயந்திரம்! அதை நிறுத்திவைத்தோம்.

*

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினோம். அமெரிக்காவில் 2003இல் திருத்தப்பட்ட விதிப்படி, எடுக்கப்பட்ட விற்பனை அழைப்புகளில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் ஆளில்லாமல் போகக்கூடாது. எடுத்தவர் பேசி முடித்த இரண்டு விநாடிக்குள் ஆள் வர வேண்டும். மணி குறைந்தது 15 விநாடி அல்லது நான்கு முறை அடிக்க வேண்டும். பிரிட்டனிலும் முன்பு அதே மூன்று விழுக்காடு வரம்பு இருந்தது. மௌன அழைப்புகளுக்கான அபராத உச்சவரம்பை 2010இல் 50,000 பவுண்டிலிருந்து 20 லட்சம் பவுண்டுக்கு உயர்த்தினார்கள். இந்தியாவில் 2007இல் அழைக்க வேண்டாதோர் பதிவேடு வந்தது. 2010இன் ஒழுங்குமுறை இரவு 9 முதல் காலை 9 வரை வணிக அழைப்புகளைத் தடுத்தது. 2018இன் ஒழுங்குமுறையில்தான் மௌன அழைப்பு, கைவிடப்பட்ட அழைப்பு என்ற சொற்களுக்கே வரையறை கிடைத்தது. தானியங்கி டயலர் வைத்திருப்பவர் அதைத் தொலைபேசி நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரிவித்து, கைவிடும் அழைப்புகளை வரம்புக்குள் வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

மூன்று விழுக்காடு என்பது சிறிய எண்தான். ஆனால் எதில் மூன்று என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 2021 செப்டம்பரில் நீட் தேர்வையொட்டி மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டபோது, தேர்வெழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்துப் பேசும் பணியைத் தமிழ்நாடு அரசு 104 சேவையின் வழியே தொடங்கியது. அவ்வளவு பேருக்கும் ஆலோசகர்கள் அழைத்துப் பேச வேண்டும். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் பழைய திரைதான் நினைவுக்கு வந்தது. ஒரு லட்சத்தில் மூன்று விழுக்காடு 3,000. எடுத்து 'ஹலோ' என்று சொல்லி, மௌனத்தைக் கேட்டுவிட்டு வைக்கும் 3,000 பிள்ளைகள். விற்பனை அழைப்புக்கு வகுத்த வரம்பை அங்கே யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

*

முடிவில் ஒன்று என்றே வைத்தோம். அதற்கான விலையைப் பணியாளர்கள் தலையில் கட்டக்கூடாது என்பதால் ஊக்கத்தொகையை எடுத்துவிட்டு, அதை மாதச் சம்பளத்தில் சேர்த்தோம். எங்கள் பங்கு சுருங்கியது. ஊரப்பாக்கத்து அம்மா, "அப்ப சரி சார், எத்தனை வேணா வைங்க" என்றார். அழைப்பு நேரத்தைக் காலை 10 முதல் 1 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் என்று பிரித்தோம். எடுத்தவரிடம் "உங்களுக்கு எந்த நேரம் வசதி?" என்று கேட்டு, அதை டயலரிலேயே குறித்துவைத்து, அடுத்த மாதம் அதே நேரத்தில் அழைத்தோம். அப்படிக் குறித்தவர்கள் பெரும்பாலும் எடுத்தார்கள். சிலர் குரலை அடையாளம் கண்டு, "சொல்லும்மா, தவணைதான?" என்று அவர்களே தொடங்கினார்கள்.

இதை வெற்றிக்கதையாக எழுத முடியாது. கடன் நிறுவனம் பட்டியலில் பாதியைச் சில மாதங்களிலேயே பெரிய மையம் ஒன்றுக்கு மாற்றிவிட்டது. எண்ணிக்கை போதவில்லை என்றார்கள். அவர்கள் பக்கத்தில் அது சரியான கணக்கு. மீதியை வைத்துக்கொண்டு ஓட்டினோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அறையைக் காலி செய்து, கணினிகளை விற்று, அந்த எண்ணையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வேறொன்று நடந்திருப்பதைப் பார்க்கிறோம். அறியாத எண் என்றால் இப்போது யாரும் எடுப்பதில்லை. 2024இல், உண்மையான சேவை அழைப்புகளை மக்கள் நம்பி எடுக்கட்டும் என்று 160 என்று தொடங்கும் தனி வரிசையே அறிவிக்க வேண்டியதாயிற்று. ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல அழைக்கும் ஆய்வகம், கதவருகே நிற்கும் கூரியர் பையன், பள்ளியில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளைக்காக அழைக்கும் ஆசிரியை என்று எல்லாரும் அடித்து அடித்து ஓய்கிறார்கள். எடுப்பவர் குறையக் குறைய டயலர்கள் ஒருவருக்கு மூன்று போதாமல் ஐந்து, ஏழு என்று ஏறுகின்றன. அதனால் இன்னும் குறைவான பேர் எடுக்கிறார்கள். 'ஹலோ' என்றால் மறுமுனையில் ஓர் ஆள் இருப்பார் என்ற நம்பிக்கை ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லாரும் இறைத்தார்கள்.

எங்கள் எட்டு நாற்காலி அந்தக் கிணற்றைக் காப்பாற்றிவிடவில்லை. அந்த ஒன்றரை ஆண்டில் அந்த எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுத்தவர்களுக்கு, எடுத்த கணத்தில் ஒரு பெண் குரல் "வணக்கங்க" என்று சொன்னது. அவ்வளவுதான் நாங்கள் செய்தது.